துணியைச் சுருட்டச் சொன்னது நான்தான்

பயணக் குறிப்பு எழுதுகிறவர்களில் பலர் அதிகம் பயணம் போகாதவர்கள். போகிறவர்களுக்கு எழுத நேரம் இருப்பதில்லை. இதை உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ‘பதற்றமில்லாமல் பயணம் போவது எப்படி’ என்று நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் எழுதியபோது, விமானத்தை நான் தரையில் நின்று பார்த்திருந்தேன். அவ்வளவுதான்.

அப்போது விருதுநகரில் செய்தியாளன். இணைப்புக்கு வரவேண்டிய விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வராமல் போக, இடத்தை நிரப்ப ஏதாவது அனுப்பச் சொன்னார்கள். (காலியிடம் என்றால் எந்தத் துறையிலும் எங்களுக்கு அறிவு வந்துவிடும்.) மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்தேன். துணியை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள், இடம் மிச்சமாகும். தொலைந்தால் தவித்துப்போவோம் என்கிற பொருளைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கென்று புதுப்பை வாங்காதீர்கள். எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்த பழைய பையே நல்லது. இன்று படித்தாலும் இவற்றில் தவறு தெரியவில்லை. யாருக்குச் சொல்கிறோம் என்பதை மட்டும் யோசித்திருக்க வேண்டும்.

என் மாமியார் அதைக் கேட்டார். என் மனைவி செல்வி வாசிக்க, அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். அத்தைக்கு ஆமத்தூர். தினமும் காலையில் கம்பெனி வேனில் ஏறி, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போய் பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். மருமகன் எழுதியது அச்சில் வந்துவிட்டால் அது சட்டம் என்று நம்புகிறவரும் அவர் ஒருவர்தான்.

அவருடைய இளைய மகள் கவிதா புனேயில் நிறைமாதமாக இருந்தாள். ஒருநாள் மாலை போன் வந்தது. தேதி வரை காத்திருக்க முடியாது, நாளை மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். “நீ வந்தாத்தாம்மா நான் உள்ளேயே போவேன்” என்று அழுதாள். ரயிலில் போனால் நேரத்துக்குச் சேர முடியாது. மறுநாள் மதுரையில் விமானம் ஏறி, சென்னையில் மாறினால் இரவுக்குள் போய்விடலாம். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு வேறு வழி கிடையாது. எங்கள் பையனுக்குக் காய்ச்சல் என்பதால் செல்வி கிளம்ப முடியவில்லை. துணைக்கு நான் போவது என்று முடிவானது. எல்லாரும் நிம்மதியானார்கள், நான் உட்பட.

“பை கட்டியாச்சா அத்தை?” என்று வழியில் கேட்டேன்.

“நீங்க எழுதுன மாதிரியே கட்டிட்டேன் மாப்ள. நீங்க எதுக்குக் கவலப்படுறீக?”

எனக்குப் பெருமையாக இருந்தது.

விமான நிலையத்தில் பைகளைப் படம்பிடிக்கும் கருவிக்குள் அத்தையின் பை போனது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடி உள்ளே போனது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையை மட்டும் உயர்த்தி இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் தலையைச் சேர்த்துத் திரையைப் பார்த்தார்கள். செய்தியாளனுக்குப் பழகிய காட்சி அது. ஏதோ செய்தி கிடைத்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. செய்தி நாங்கள்தான் என்பது புரியச் சற்று நேரமானது.

பையைத் திறந்தார்கள். பேரப்பிள்ளைக்காக அத்தை பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து வைத்திருந்த மெத்தென்ற துணிகள். தொலைந்தால் தவித்துப்போகும் பொருள், ஆகவே கைப்பையில். சுருட்டச் சொல்லியிருந்தேன், ஆகவே சுருட்டியிருந்தார். ஆனால் ஆயுள் முழுவதும் பட்டாசு கட்டிய கை அது. ஒவ்வொரு துணியும் ஒரே நீளத்தில், ஒரே கனத்தில், கல் மாதிரி இறுகிய குழல். அழுக்குப் படக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் மேலே அச்சகத்தில் கழித்துப்போட்ட பட்டாசு லேபிள் தாள். (சிவகாசிப் பக்கம் அலமாரிக்கு விரிப்பதும் அதுதான், பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுவதும் அதுதான்.) இறுக்கிக் கட்டிய நூலின் நுனி ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு வெளியே நின்றது. லேபிளில் தீச்சுவாலைப் படம். கீழே ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், ‘பாம்’.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் பக்கத்து வரிசைக்கு மாறினார்கள்.

மூத்த அதிகாரி ஒருவர் வந்தார். தமிழ் பேசினார். “இது என்னம்மா?”

“பேரப்புள்ளைக்குத் துணிங்கய்யா.”

“நூல் எதுக்கு வெளியே நிக்குது?”

“உருவ லேசா இருக்கும்ல?”

அவர் ஒரு வெள்ளைப் பட்டையால் பையின் உட்புறத்தைத் தேய்த்து, வெடிமருந்தைக் கண்டுபிடிக்கும் சிறிய கருவி ஒன்றில் செருகினார். கருவி கத்தியது. இன்னொரு பட்டை. மறுபடி கத்தியது. பழைய பையே நல்லது என்று எழுதியவன் நான். அத்தை தினமும் சோற்றுவாளி வைத்து ஆலைக்குக் கொண்டுபோன பை அது.

“எங்கே வேலை பார்க்கிறீங்க?”

“பட்டாசுக் கம்பெனியில” என்றார் அத்தை, ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

இந்த இடத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் வாசகருக்குப் பின்னணி விளக்கம் தருவது எங்கள் தொழில். “பயப்பட ஒன்றுமில்லை சார். வெறும் வெடிமருந்துதான்” என்றேன்.

அதிகாரி என்னை முதல்முறையாக முழுதாகப் பார்த்தார்.

“அதாவது தூசி சார். பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பவுடர். எந்த அளவில் சேர்ப்பார்கள் என்றால்…”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கே வெடித்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பது நான்தான் சார்.”

“மாப்ள,” என்றார் அத்தை, “செத்த நேரம் சும்மா இருக்கீகளா?”

என்னைத் தனியே ஒரு மேடையில் ஏற்றினார்கள். இரண்டு கைகளையும் அகல விரித்து உயர்த்தச் சொன்னார்கள். இடுப்பு பெல்ட் ஏற்கெனவே தட்டில் கிடந்தது. கை மேலே போகப் போக பேன்ட் கீழே வரத் தொடங்கியது. கையை இறக்க அனுமதியில்லை. முழங்கால்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து, மாவட்டத்தில் மூன்று அமைச்சர்களைப் பேட்டி கண்டவன் அப்படியே நின்றேன். ஒலிபெருக்கியில் எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது.

அத்தையின் குரல் அப்போதுதான் மாறியது. “ஐயா, நாளைக்குக் காலையில எம் மகளுக்கு ஆப்ரேசன். நான் போகலைன்னா அவ உள்ள போகமாட்டேங்கா. பைய வேணும்னா எரிச்சுப்புடுங்க. என்ன மட்டும் விட்டுருங்க.”

சொல்லிக்கொண்டே ஒரு நூல் நுனியை இழுத்தார். தாள் பிரிந்து துணி மேசையில் விரிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பக்கத்தில் நின்ற வடநாட்டுப் பெண் காவலர் ஒரு துணியை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டி அத்தையிடம் ஏதோ கேட்டார். அத்தை தலையாட்டினார். அவர் அதிகாரியிடம் இந்தியில் நாலு வார்த்தை சொன்னார்.

துணிகளைத் தனியே சோதித்தார்கள். கருவி பேசாமல் இருந்தது. அத்தையின் கைகளைத் தேய்த்துப் பார்த்தார்கள். அதற்கும் பேசவில்லை. பையும் லேபிள் தாள்களும் இங்கேயே இருக்கட்டும், நீங்கள் போகலாம் என்றார் அதிகாரி. அவர் வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். நானாக இருந்தால் என்னை விட்டிருக்க மாட்டேன்.

எல்லாரும் உட்கார்ந்துவிட்ட விமானத்தில் நாங்கள் கடைசியாக ஏறினோம். கை நிறைய வேட்டித் துணியை அள்ளிக்கொண்டு அத்தை முன்னால். ஒரு கையில் துணியும் ஒரு கையில் பேன்ட்டுமாக நான் பின்னால். (பெல்ட் தட்டிலேயே தங்கிவிட்டது.) இருக்கையில் அமர்ந்ததும் அத்தை ஒவ்வொரு துணியாக எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

“இனிமே மடிச்சே வச்சுக்கிடுறேன் மாப்ள. கோவிச்சுக்கிடாதீக.”

மறுநாள் காலை கவிதா தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே அறுவை அரங்கின் வாசல் வரை போனாள். பெண் குழந்தை. அந்தத் துணியில்தான் சுற்றிக் கொடுத்தார்கள்.

விடுப்பு முடிந்து அத்தை வேனில் ஏறிய அன்றே கதையும் ஏறியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, ஆமத்தூருக்குச் சாலை பிரியும் விலக்கில், குடிநீர்த் திட்டம் பற்றி ஒரு பொறியாளரிடம் கடுமையான கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி வேன் ஒன்று வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும், எனக்கு முன்பின் தெரியாதவர்கள், இரண்டு கைகளையும் அகல விரித்து உயர்த்திக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். இன்றுவரை எந்தக் கம்பெனி வேன் என்னைக் கடந்தாலும் இதே மரியாதைதான்.

“என்ன சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார் பொறியாளர்.

முன் இருக்கையில் அத்தை இருந்தார். மருமகன் என்ற மரியாதைக்கு முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். கைகள் இரண்டும் மேலே இருந்தன.