பதினொரு தோட்டமும் ஒரு மல்லிகைத் தொட்டியும்

திண்டுக்கல்,
ஞாயிறு காலை.

அன்புள்ள நாகஜோதிக்கு, உன் கணவன் சோலைமலை எழுதிக்கொண்டது. இங்கு நானும் குக்கரும் உன் மல்லிகைத் தொட்டியும் நலம். ஓசூரில் நீயும், மகள் இசைவாணியும், மாப்பிள்ளையும், பேரனும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே உனக்குப் பால் பொங்கிவிடுகிறது, இல்லையென்றால் பேரன் போனைக் கடித்துவிடுகிறான். அதனால்தான் கடிதம்.

விஷயம் என்னவென்றால், சொட்டுநீர்க் குழாய் விற்கிற எங்கள் எல்லோருக்கும் கம்பெனியில் பயிற்சி கொடுத்தார்கள். குழாயைப் பற்றிப் பேசாதீர்கள், கதை சொல்லுங்கள், சொந்த வாழ்க்கையில் ஒரு குறை, அதனால் ஓர் ஏக்கம், கடைசியில் குழாய் வந்து எல்லாம் சரியாகிற முடிவு, அதைக் கேட்டதும் விவசாயி கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றார் பயிற்சியாளர் முகேஷ்குமார். என் வாழ்க்கையில் என்ன குறை என்று யோசித்தால் நீதான் வந்து நின்றாய். பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று போன மனைவி பதினான்கு மாதமாகத் திரும்பவில்லை, அவள் செம்பில் ஊற்றி வளர்த்த மல்லிகை வாடியது, குழாய் போட்டேன், பூத்துக் குலுங்குகிறது என்று கதை கட்டினேன்.

குஜிலியம்பாறை நல்லுசாமி கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேனாவை நீட்டினேன். வீட்டம்மா வந்துவிட்டாரா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் கதை முடியவில்லையே என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது மட்டுமா, நல்ல காரியத்தை ஒரு சுமங்கலி தொடங்கிவைக்க வேண்டும், நீ வந்து உன் கையால் வால்வைத் திறந்தால்தான் குழாய் என்றும் சொல்லிவிட்டார். இந்தச் செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறி ரெட்டியார்சத்திரம் போய்விட்டது. இப்போது பதினொரு தோட்டத்தில் உனக்காகக் காத்திருக்கிறார்கள். நாகஜோதி மேடம் எப்போது வருகிறார் என்று மேனேஜர் தினமும் கேட்கிறார். ரெட்டியார்சத்திரத்தில் கத்தரி போட்டிருக்கும் சுந்தரம்மாள் களை எடுத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாஞ் சரிண்ணே. மதினிய வான்னு நீங்க ஒரு தடவையாச்சும் கூப்பிட்டீங்களா?"

அதெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும் என்று சமாளித்துவிட்டு, அவள் கொடுத்த கத்தரிக்காயோடு வீட்டுக்கு வந்து வெஞ்சனம் வைத்தேன். உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

ஆகவே, எனக்காக இல்லாவிட்டாலும் இந்தப் பதினொரு பேருக்காக ஒரு நடை வந்து போகவும். வால்வு திறக்க அரை நாள் போதும். இசைவாணிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். போனைக் கடிக்காத சமயம் பார்த்துப் பேரனுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
சோலைமலை

பின்குறிப்பு: யாரும் காத்திருக்கவில்லை. நல்லுசாமி பாதிக் கதையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். பதினொரு தோட்டத்திலும் தண்ணீர் சொட்டுகிறது. மேனேஜருக்கு உன் பெயரே தெரியாது. பயிற்சியில் சொன்னபடி உனக்கும் ஒரு கதை எழுதிப் பார்த்தேன். மல்லிகைக்கு நான் குழாயே போடவில்லை. காலையும் மாலையும் உன் செம்பில்தான் ஊற்றுகிறேன். சுந்தரம்மாள் கேட்டது மட்டும் நிஜம். பதினான்கு மாதத்தில் நான் உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. வீடு நன்றாகவே இல்லை, நாகஜோதி. வந்துவிடு.