ஐயாவுக்கு மட்டும் ஒரு பெஞ்ச்

நம்ம நூலகருக்கு வீட்டில் உட்கார இடமில்லை. நாற்காலி இல்லையா என்று கேட்காதீர்கள். ஒன்பது இருக்கிறது. ஒன்பதும் ஆபத்தானவை. சாப்பாட்டு மேஜைப் பக்கம் உட்கார்ந்தால் நறுக்கச் சொல்லி வெங்காயம் வரும். சோபாவில் சாய்ந்தால் மடிக்க வேண்டிய துணி மடியில் விழும். வாசற்படியில் குந்தினாலோ, "சும்மாதானே இருக்கீங்க, அந்தக் குப்பையைக் கொட்டிட்டு வந்துடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பார்? ஒரு சனிக்கிழமை காலை, காபி டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு அறிவித்தார்.

"கொல்லையில ஒரு கான்கிரீட் பெஞ்ச் போடப் போறேன். என் கையால. அதுல நான் மட்டும்தான் உட்காருவேன். அங்க உட்கார்ந்துட்டா என்கிட்ட ஒரு வேலையும் சொல்லக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்!"

வீட்டம்மா தையல் டீச்சர். பல்லிடுக்கில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ நான் கேட்ட துவைக்கிற கல்லு? வாஷிங் மெஷின் படுத்து ரெண்டு மாசம் ஆச்சுங்க."

"கல்லு போடறது கொத்தனார் வேலை. நான் என்ன கொத்தனாரா? இது கலை."

"சரிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சண்டை போட்டு ஜெயித்தது கொஞ்சம். "சரிங்க" சொல்லி ஜெயித்ததுதான் அதிகம். இது ஊருக்கே தெரியும், நூலகரைத் தவிர.

அடுத்த ஒரு வாரம் நூலகத்தில் யார் என்ன புத்தகம் கேட்டாலும் கிடைக்கவில்லை. நூலகர் மேஜைக்கடியில் சிமெண்ட் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். தூக்கத்தில்கூட "ஒரு பங்கு சிமெண்ட், ரெண்டு பங்கு மணல், மூணு பங்கு ஜல்லி" என்று முனகினார். ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பியபோது வீட்டம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்கு? உனக்கு இதெல்லாம் புரியாது."

"பையைத் தூக்க ஒரு ஆள் வேணாமா?"

கடைக்காரர் வகை வகையாக எடுத்துப் போட்டார். "சார், இது அரை மணியில இறுகிடும். இது ரெடிமேட் பை, தண்ணி மட்டும் ஊத்தினா போதும். இது வெள்ளை சிமெண்ட், பார்வையா இருக்கும்."

நூலகரின் கை நேராக வெள்ளைக்குப் போனது.

"வெள்ளையில அழுக்குத் தெரியுமேங்க" என்றாள் வீட்டம்மா, எங்கேயோ பார்த்தபடி.

கை நகர்ந்து அரை மணிப் பைக்குப் போனது.

"அதுவும் நல்லதுதான். ஆனா போன தடவை பசை போட்டு ஒட்டறப்போ உங்க விரல் நாற்காலியோட ஒட்டிக்கிச்சே. இது சிமெண்டுங்க."

கடைக்காரர் இருமிக்கொண்டார். நூலகர் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, நாள் முழுக்கத் தண்ணியிலேயே கிடந்தாலும் தேயாத கலவை எதுங்க?"

"பெஞ்ச் ஏன் தண்ணியில கிடக்கணும்?"

"மழை பெய்யாதா?"

நியாயமான கேள்வி. நூலகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கேள்வி தனக்கே தோன்றியது மாதிரி கடைக்காரரிடம் பாடம் எடுத்தார். "சாதா சிமெண்ட், ஒண்ணுக்கு ரெண்டுக்கு மூணு. பொடி ஜல்லி. தண்ணி அளவாத்தான் ஊத்தணும், அதிகமானா பலம் போயிடும்." கடைக்காரர் சிமெண்டோடு கம்பியும் கட்டிக் கொடுத்தார். வீட்டம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மரியாதைக்குச் சிரிக்கிறார் என்று நூலகர் நினைத்துக்கொண்டார்.

மூலையில், வேலி ஓரம், யார் கண்ணிலும் படாத இடத்தில் போடுவதாகத்தான் முதலில் திட்டம்.

"கான்கிரீட் போட்டா ஏழு நாள் ஈரம் காயாம வைக்கணும்னு நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க? வேளா வேளைக்குக் குடம் குடமாத் தண்ணியைச் சுமந்துக்கிட்டு வேலிக்கும் குழாய்க்கும் நடப்பீங்களா? உங்க இடுப்பு இருக்கிற இருப்புக்கு!"

பெஞ்ச் குழாயடிக்கு வந்தது.

"உயரம் பத்தாதுங்க. தாழ உட்கார்ந்தா எழுந்திருக்க உங்களுக்கு ஆள் வேணும். கால் தொங்கணும், அதுதான் ரெஸ்ட்டு."

செங்கல் தூண் இரண்டும் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்தன. மேலே பலகை அடித்து, எண்ணெய் தடவி, கம்பி வைத்து, கலவையைக் கொட்டினார். வியர்வை கொட்டியது. பெருமையும் கொட்டியது. கண்ணாடி மாதிரி வழவழவென்று இழைக்கக் கொத்துக்கரண்டியை எடுத்தார்.

"வழவழன்னு இருந்தா வழுக்கி விட்டுடும்ங்க. நம்ம வயசுக்கு எலும்பு ஒட்டுமா? சீப்பால வரி போட்டுடுங்க. அப்படியே இந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு. மழைத் தண்ணி ஓடிடும்."

ஒவ்வொன்றும் நூலகருக்கு நியாயமாகவே பட்டது. அதுதான் விஷயம். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

கடைசியில் அவளே ஆணியைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஈரம் காயறதுக்குள்ள எழுதிடுங்க. யாராவது வந்து உட்கார்ந்துட்டா?"

நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம்! முன்பக்க விளிம்பில் அழுத்தி எழுதினார்: 'ஐயாவுக்கு மட்டும். பிறர் தொடக் கூடாது.'

ஏழு நாள் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி தண்ணீர் ஊற்றினார். எட்டாம் நாள் காலை பேப்பரும் காபியுமாகக் கொல்லைக்கு வந்தார். எகிறிக் குதித்து மேலே ஏறினார். கால் தொங்கியது. சீப்பு வரி பின்பக்கத்தைப் பதம் பார்த்தது. சரிவு அவரை மெல்ல மெல்ல முன்னால் தள்ளியது. தலைப்புச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் கால் தரையில் இருந்தது.

திரும்பினால், வீட்டம்மா. கையில் ஒரு பக்கெட் அழுக்குத் துணி. அதன் மேல் சோப்பு. சோப்பின் மேல் பிரஷ்.

நூலகர் குழாயைப் பார்த்தார். உயரத்தைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். வரியைப் பார்த்தார். கடைக்காரர் ஏன் சிரித்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அடிப்பாவி! இது துவைக்கிற கல்லு!"

"அப்படியா இருக்கு? ஆமாங்க, அப்படித்தான் இருக்கு. எவ்வளவு அழகாப் போட்டிருக்கீங்க! கொத்தனார் தோத்தான்."

"உட்கார்ந்துட்டா வேலை சொல்லக் கூடாதுன்னு பேச்சு!"

"நான் அதை மீறுவேனா? நீங்க இப்போ நின்னுக்கிட்டுதானே இருக்கீங்க."

நூலகர் பல்லைக் கடித்தார். "சரி, கல்லு உனக்கே இருக்கட்டும். எடுத்துக்கோ. துவை. நான் போறேன்."

வீட்டம்மா பக்கெட்டை அவர் காலடியில் வைத்தாள். புடவைத் தலைப்பால் விளிம்பில் இருந்த தூசியைத் துடைத்து, எழுத்தைக் காட்டினாள். "நான் எப்படிங்க தொடறது?"

நூலகர் முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு, பிரஷ்ஷை எடுத்து, துணியை விட்டுவிட்டு முதலில் அந்த எழுத்தைத்தான் தேய்தேயென்று தேய்த்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூட அழியவில்லை. அத்தனை நல்ல கலவை.