நெட்டையும் குட்டையும் சந்திக்கும் புள்ளி

இந்த வருஷம் மனைவியை உயரத்தில் முந்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஐம்பத்தாறு வயதில் ஒருவன் வளர முடியுமா என்று கேட்காதீர்கள். நான் வளர வேண்டாம். அவள் குறைந்தால் போதும்.

கல்யாணத்தன்று என்னைவிட ஒரு விரல்கடை உயரமாக இருந்தாள். அந்த விரல் இன்றுவரை என் கண்ணைக் குத்துகிறது. தெருவில் எனக்குப் பெயரே கிடையாது, 'நெட்டையம்மா வீட்டுக்காரர்'தான். இதெல்லாம் ஒரு கவலையா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

எந்த வயதில் உடம்பு என்ன ஆகும் என்று ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் போடுவது என் பிழைப்பு. வயதானால் எல்லோரும் சுருங்குகிறோம். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் கொஞ்சம் வேகமாக. எனக்கொரு வளைகோடு, அவளுக்கொரு வளைகோடு வரைந்தேன். இரண்டும் இந்த வருஷம் ஒரு புள்ளியில் சந்தித்தன. கல்யாணமான நாள்முதல் நாங்கள் எதிலும் ஒத்துப்போனதில்லை. அந்தப் புள்ளியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

அவளிடம் காட்டினேன்.

"இதுல நான் எது?"

"கீழ போற கோடு."

"நீங்க?"

"நானும் கீழதான் போறேன். கொஞ்சம் மெதுவா."

"நீங்க எதுலதான் வேகம்?" என்றவள், அளந்தே பார்த்துவிடலாம் என்று எதிர்வீட்டுத் தையல்கார அக்காவை அழைத்தாள். அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் சம்மதித்ததில்லை. என் கணக்குக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இருவரும் சுவரோடு முதுகை ஒட்டி நின்றோம். நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். அவள் நைட்டியில் சாதுவாக நின்றாள். அக்கா ஆளுக்கொரு கோடு கிழித்துவிட்டு, "வீட்டுக்காரர்தாம்மா உசரம்" என்றார்.

வென்றேன். பால்காரரிடம் சொன்னேன். இஸ்திரிக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். வீடு திரும்பியபோது, தேவையே இல்லாமல், வாசல் நிலையில் குனிந்து நுழைந்தேன்.

மனைவி ஈரத்துணியோடு காத்திருந்தாள்.

"உசரமா இருக்கறவங்கதான் ஃபேன் துடைக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க? இத்தனை வருஷம் நான் துடைச்சாச்சு. பரணும் இனி உங்க பொறுப்பு."

தர்க்கத்தில் பிழையில்லை. சிம்மாசனம் ஏறுவதுபோல் ஸ்டூலில் ஏறினேன். தூசி தலையில் பூமாரியாகக் கொட்டியது. அப்போதும் நான் வென்றவன்தான்.

அடுக்களையில் அவள் தையல்கார அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"நைட்டிக்குள்ள முட்டிய மடக்கி நிக்க ஒரு நிமிஷந்தான்கா வலிக்கும். ஃபேன் துடைச்சா ஒரு வாரம் கழுத்தே திரும்பாது."