கொடி அசையுமுன் கிளம்புகிறவர்

எதையும் கடைசிவரை பார்க்காதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். எந்தக் கூட்டத்திலும் கதவுக்குப் பக்கத்தில், நாற்காலியின் நுனியில், கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் இருப்பவர் "இறுதியாக" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்களுடைய முழங்கால் எழுந்துவிடும். மற்ற உடம்பு பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும். பாவம், கூட்டம் ஆகாதவர்கள் போலிருக்கிறது என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். கூட்டம் கூடுகிற இடத்துக்கெல்லாம் முதல் ஆளாக வந்து சேருகிறவர்களும் இவர்களேதான். பிறகு எதற்கு வருகிறார்கள்? கிளம்புவதற்காக வருகிறார்கள்.

வட கரோலினாவின் மலையடிவாரத்தில் ஃபிஞ்ச் க்ரீக் என்ற ஊரில், எழுபதுகளில், இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதியாக விளங்கியவர் கோழித் தீவனக் கடை ஹாலிஸ் டட்டில். பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவருக்குக் கடைசி வரிசை, கதவோரம். போதகர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வாதத்துக்கு வாயைத் திறக்கும்போது வெளியே ஹாலிஸின் கார் உறுமும். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு ஆசீர்வாதம்கூட அவர்மேல் விழுந்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கடையில் முதல் மேஜை கிடைக்காமல் போனதும் இல்லை. சொந்தக் கல்யாணத்தில் கேக் வெட்டுவதற்கு முன்பே மணப்பெண்ணை இழுத்துக்கொண்டு கிளம்பியவர். மாமியாரின் அடக்கத்தில் பெட்டி பாதிக் குழிக்குள் இறங்கியபோதே தொப்பியைப் போட்டுக்கொண்டார். (அந்த அவசரத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று ஊரில் பேச்சு.) அவர் பார்த்த துப்பறியும் படங்கள் ஏராளம், அவற்றில் ஒன்றில்கூடக் கொலைகாரன் யார் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் கையை வீசி, "அவ்வளவுதான், இனிமே ஒண்ணும் நடக்காது" என்பார். அதுதான் அவருடைய வேதவாக்கு.

இப்படிப்பட்டவருக்கு ஆண்டவன் பார்த்துப் பார்த்து அமைத்துக் கொடுத்த இடம்தான் ஃபிஞ்ச் க்ரீக் பந்தயத் தடம். செம்மண் மேட்டைக் குடைந்து கட்டிய அரை மைல் நீள்வட்டம். பன்னிரண்டாயிரம் பேர் உட்காரலாம். வெளியே போக ஒரே ஒரு வாசல். வாசலைத் தாண்டியதும் ஓடையின் மேல் ஒரு பாலம். அதில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான் போக முடியும். பந்தயம் மூன்று மணி நேரம் நடந்தால் பாலத்தைத் தாண்ட நான்கு மணி நேரம். மற்றவர்களெல்லாம் இரைச்சலுக்காகவும், டயர் கருகுகிற வாசனைக்காகவும், வேகவைத்த வேர்க்கடலைக்காகவும், யாராவது யார்மேலாவது மோதித் தொலைப்பதற்காகவும் வந்தார்கள். ஹாலிஸ் பாலத்துக்காக வந்தார்.

பந்தய நாளன்று, தேவாலயத்துக்குக்கூடப் போகாமல், புல்லில் பனி காயுமுன் வந்துவிடுவார். வாசலுக்கு முகம் காட்டி, முதல் இடத்தில், காரை நிறுத்துவார். பிறகு இறங்கி, தள்ளி நின்று, அந்தக் காட்சியை ரசிப்பார். மற்றவர்கள் பந்தயக் கார்களைப் பார்க்கிற பார்வை அது. அரங்கில் போய் உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்தில் ஒரு விசாரணை நடக்கும்.

"ஆர்வில், வண்டிய எங்க விட்டிருக்க?"

ஆர்வில் பக்கத்து இருக்கைக்காரர், தபால் நிலையத்தில் வேலை, நிதானமான மனுஷர். "குளத்துக்கு அந்தாண்ட" என்பார்.

"குளத்துக்கு அந்தாண்டயா! ஐயோ பாவம். நீ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள உன் மாடு கன்னு போட்டுடும்."

பாதிப் பந்தயத்தில் மூட்டை கட்டத் தொடங்குவார். ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீரைக் கொட்டுவார். உட்கார்ந்திருக்கும் மெத்தையை, உட்கார்ந்தபடியே, ஓரத்திலிருந்து சுருட்டுவார். கடைசி இருபது சுற்று இருக்கும்போது எழுந்து நின்று முதுகை நெளித்து, "கெளம்பலாமா?" என்பார். அது கேள்வி அல்ல. அவர் மனைவி வெர்னா பொரித்த கோழிப் பெட்டியை மூடிக்கொண்டு பின்னாலேயே நடப்பார். முப்பது வருஷத்தில் அந்த அம்மாள் பந்தயம் முடிகிற கட்டம் போட்ட கொடியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. அந்தத் தடத்தில் பத்து வருஷமாக ஓட்டிய லாமர், வெர்னாவின் தங்கை மகன். தாயில்லாப் பிள்ளை, இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தான். நல்ல பையன், நிதானமான ஓட்டுநர், பழைய எஞ்சின். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முகத்துப் புழுதியைக்கூடத் துடைக்காமல், "பெரியம்மா, கடைசிச் சுத்து பாத்தியா?" என்பான். "பாத்தேன் கண்ணு, அருமையா ஓட்டின" என்பார் வெர்னா. பொய் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டே கை கழுவப் போவான். அந்தச் சிரிப்பைத்தான் அந்த அம்மாளால் தாங்க முடியவில்லை.

இனி அந்த நாள். இன்றுவரை அந்த மாவட்டமே பேசிக்கொண்டிருக்கிற பந்தயம் அது. ஆனால் காலையில் அதன் முகத்தில் அப்படி எதுவும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. லாமருக்கு அதுதான் கடைசி. மறுநாள் திங்கட்கிழமை மர ஆலையில் வேலைக்குச் சேருகிறான். பதினோரு சுற்று மிச்சம் இருந்தபோது அவன் ஒன்பதாவதாக வந்துகொண்டிருந்தான். ஹாலிஸ் எழுந்து முதுகை நெளித்தார்.

"வெர்னா, மெத்தைய எடு. கெளம்பலாமா?"

"நீ போ."

ஹாலிஸுக்குக் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. "என்னது?"

"நீ போன்னேன். நான் பாத்துட்டு வரேன்."

"என்னத்தப் பாக்கப் போற? ஒன்பதாவதா வரான். ஒன்பதாவதாவே முடிப்பான். அவ்வளவுதான், இனிமே ஒண்ணும் நடக்காது."

"ஒன்பதாவதா முடிக்கிறதத்தான் பாக்கணும்."

"நாளைக்குப் பேப்பர்ல போடுவான்ல!"

"ஒன்பதாவது ஆளையெல்லாம் பேப்பர்ல போடமாட்டான். பத்து வருஷமா அந்தப் புள்ளகிட்டப் பொய் சொல்றேன், அதுவும் ஞாயித்துக்கெழமை. இன்னிக்கு ஒரு நாள் உண்மையச் சொல்லிக்கிறேன்."

"வெர்னா, பாலம்!"

"பாலம் எங்கயும் ஓடிடாது."

ஆர்வில் கடலைத் தோலைத் துப்பிவிட்டு, "போற வழியில பாத்துக்க ஹாலிஸ், பாலம் நிஜமாவே இருக்கான்னு" என்றார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹாலிஸ் கோபத்தோடு ஐஸ் பெட்டியைத் தூக்கினார். மெத்தைகளையும் எடுத்துக்கொண்டார், வெர்னா உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து. அந்த அம்மாள் லேசாக எழுந்து இடம் கொடுத்தார், பிறகு வெறும் சிமென்டில் உட்கார்ந்து, கோழிப் பெட்டியை மட்டும் மடியில் இறுகப் பிடித்துக்கொண்டார்.

காரில் ஏறி ஹாலிஸ் எஞ்சினைப் போட்டார். எதிரே திறந்த வாசல். அதற்கப்பால் பாலம், ஈ காக்காய் இல்லாமல். வேறொரு நாளாக இருந்தால் அவருக்குக் கண்ணீரே வந்திருக்கும். ரேடியோவைத் திருகினார். உள்ளூர் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"முன்னாடி போற பச்சை வண்டி இருமுது மக்களே! ஐயோ, நின்னுடுச்சு! பெட்ரோல் தீந்துபோச்சு! இருங்க, ரெண்டாவது வண்டியும்... அட, மூணாவதும்!"

நடந்தது இதுதான். முன்னால் போன எட்டுப் பேரும், பெட்ரோல் போட நின்றால் இடம் போய்விடும் என்று, இருப்பதை வைத்துச் சமாளித்துவிடலாமென்று துணிந்திருந்தார்கள். கடைசி இரண்டு சுற்றில் ஒவ்வொருவராகக் காய்ந்துபோனார்கள். லாமரின் எஞ்சினுக்கு வேகமாகப் போகிற பழக்கம் இல்லை; ஆகவே குடிக்கிற பழக்கமும் குறைவு. ஒன்பதாவதாக இருந்தவன் ஆறாவதானான், நான்காவதானான். கடைசித் திருப்பத்தில், இரண்டு பேர் மட்டும் முன்னால் இருந்தபோது, அவனுடைய டாங்கும் காலி. மற்ற வண்டிகளெல்லாம் பல சுற்று பின்தங்கியவை. மூன்று மணி நேரம் காதைக் கிழித்த இடத்தில், முன்னணி வண்டிகள் மூன்றும் எஞ்சின் செத்து, திருப்பத்தின் சரிவிலிருந்து சும்மா உருண்டு வந்தன. யாருக்குக் கடைசியாக உருட்டல் நிற்கும் என்பதுதான் போட்டி.

"வீட்ல கேக்கறவங்க அடுப்புல வெச்சத எறக்கிட்டு வாங்க" என்றது ரேடியோ. "அவசரமே இல்ல! என் பாட்டி சக்கர நாற்காலி இதவிட வேகமாப் போகும்!"

ஹாலிஸ் கார்க் கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். அரங்கின் படி நூறு தப்படி தூரம். ஓடினால் பார்க்கலாம், ஓடக்கூட வேண்டாம், நடந்தாலே பார்க்கலாம். அவர் வளர்த்த பையன் அங்கே உருண்டு வருகிறான். அப்போது கண்ணாடியில் பார்த்தார். பின்னால் அதே இனத்தைச் சேர்ந்த இரண்டு கார்கள் எஞ்சினைப் போட்டுக் காத்திருந்தன. இவர் இறங்கினால் அவர்கள் முந்திக்கொள்வார்கள். ஹாலிஸ் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

அரங்கில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. பன்னிரண்டாயிரம் பேரும் எழுந்து, வாயைக் குவித்து, லாமரின் வண்டியை நோக்கி ஊதினார்கள். போதகரும் ஊதினார். வெர்னா கோழிப் பெட்டியின் மூடியை எடுத்து விசிறினார். ஒரு வண்டி நின்றது. இன்னொன்றை உரசிக்கொண்டு லாமர் ஒரு சாண் முன்னால் கோட்டைத் தொட்டான், தொட்ட இடத்திலேயே நின்றும்போனான். அந்தத் தடத்தின் சரித்திரத்திலேயே மிக மெதுவான முடிவு. அதைத்தான் நம் ஆள் அவசரத்தில் தவறவிட்டார்.

ஜெயித்தவரை நிறுத்திக் கொண்டாடுகிற வெற்றி வளையத்துக்குள் வெர்னா எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. ஜனங்கள் தூக்கிக்கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். லாமர் தலைக்கவசத்தைக் கழற்றினான். புழுதி முகம், வெள்ளைப் பல்.

"பெரியம்மா, கடைசிச் சுத்து பாத்தியா?"

"ஏன்டா, எறங்கி நடந்து வந்திருந்தா அப்பவே ஜெயிச்சிருப்பியேடா" என்றார் வெர்னா. சொல்லிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"பெரியப்பா எங்க?"

"எங்க இருப்பாரு? பாலத்துக்கிட்ட."

பாலத்துக்கிட்டதான் இருந்தார். பின்னால் ஹாரன் ஒலி வலுத்தது. துணை ஷெரிஃப் போக்ஸ் வந்து காரின் கூரையைத் தட்டினார்.

"மிஸ்டர் ஹாலிஸ், கெளம்புங்க."

"வெர்னா வரணும்ப்பா."

"அப்ப ஓரமா ஒதுங்குங்க. அவங்க வந்தப்புறம் போலாம்."

"ஒதுங்கினா, எனக்கு முன்னாடி எத்தன வண்டி போகும்?"

போக்ஸ் திரும்பிப் பார்த்தார். "எல்லா வண்டியும்."

ஒரு பக்கம் முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனைவி. மறுபக்கம் காலிப் பாலம். எந்த மனுஷனும் யோசிப்பான்தானே? ஹாலிஸும் யோசித்தார். எவ்வளவு நேரம் என்று போக்ஸிடம் கேட்டுப் பாருங்கள். கியர் மாற்றுகிற நேரம் என்பார்.

வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரம் அவர் வீடு சேர்ந்ததில்லை. போய் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. வழக்கம்போல வாசலில் நாற்காலியைப் போட்டு, மற்றவர்கள் தாமதமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டியபிறகு லாமரின் லாரி வந்தது. வெர்னா மடியில் வெற்றிக் கோப்பை. கோப்பைக்குள் கோழி எலும்பு.

"நெரிசல் ரொம்பவா?" என்றார் ஹாலிஸ்.

"யாரு பாத்தா? பாட்டுப் பாடிட்டே வந்தோம்."

"ரேடியோல கேட்டேன். ஆனா கடைசில எப்படித்தான் ஜெயிச்சான், நீ சொல்லேன்."

"இனிமே ஒண்ணும் நடக்காதுன்னியே. ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிட்டு வெர்னா உள்ளே போய்விட்டார். இன்றுவரை அவ்வளவுதான் பதில்.

லாமர் மறுநாள் மர ஆலைக்குப் போனான், ஜெயித்தவனாகப் போனான். பத்திரிகையில் வந்த புகைப்படம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில், கல்லாவுக்கு மேலே, இன்றும் மாட்டியிருக்கிறது. நடுவில் லாமர், அவன் கழுத்தைக் கட்டியபடி வெர்னா, சுற்றிலும் பாதி ஊர். ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் கிழவர் ஹாலிஸ் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அதன் முன் நிறுத்துவார். மனைவியைக் காட்டப்போகிறார், வளர்த்த பிள்ளையைக் காட்டப்போகிறார் என்று அவர்கள் நினைப்பார்கள். ஹாலிஸின் விரல் இரண்டு பேரையும் தாண்டி, மேல் மூலைக்குப் போகும். அங்கே, தூரத்தில், ஓடைப் பாலத்தின் மேல், கடுகு அளவுக்கு ஒரு பழுப்புக் கார்.

"நல்லாப் பாரு" என்பார், குரல் தழுதழுக்க. "முன்னாடி ஒரு வண்டி கெடையாது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியதுமே, இன்னும் எவ்வளவு பாக்கி என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது யார்? லாமர் கோட்டைத் தொட்டதுமே, அவ்வளவுதான், இனிமே ஒன்றும் நடக்காது என்று முடிவு கட்டி, மிச்சத்தில் கண்ணை மட்டும் ஓடவிட்டது யார்? நான் யாரையும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான். வெற்றி வளையத்தில் அந்தப் பையன் கேட்டதற்கு வெர்னா என்ன பதில் சொன்னார்?

நினைவில்லையா? பரவாயில்லை. வண்டியை எங்கே விட்டிருக்கிறீர்கள்?