ராணிக்குப் பின்னால் ஒரு பூதம்

"முகமூடி மட்டும் போதும். உடுப்பெல்லாம் வேண்டாம்" என்று பாதிக்காரர் சொல்லிப் பார்த்தார்.

மண்டப வாசலில் வேஷ உடுப்பு வாடகைக்கு விடும் தாடிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கம்பியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். மந்திரவாதியை யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். கப்பல் தலைவனையும் சொல்லிவைத்துவிட்டார்கள். தவளைக்குக்கூட இரண்டு பேர் போட்டியாம். கடைசியில் மூலையில் தனியாகத் தொங்கிய ஒரு கரும்பச்சை மலையை இரண்டு கையாலும் இறக்கினார்.

"பூதம் ஒண்ணுதான் சார் இருக்கு."

"எவ்வளவு?"

தாடிக்காரர் ஒரு தொகை சொன்னார். பாதிக்காரர் அதில் பாதியைச் சொன்னார். யோசித்துச் சொன்னதல்ல, தும்மல் மாதிரி தானாக வருவது. துணிச் சந்தையில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்ததே இதனால்தான்.

தாடிக்காரர் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "சரி சார், போட்டுக்குங்க."

பாதிக்காரர் உடுப்பைத் திருப்பித் திருப்பிக் கிழிசல் தேடினார். முதல் கேள்விக்கே இறங்கி வருகிற வியாபாரியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கால்வாசிக்குக் கேட்டிருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் உடுப்பு என்னவோ கச்சிதமாகப் பொருந்தியது. துணிக் கட்டைத் தூக்கித் தூக்கி இறங்கிப்போன அவருடைய இடது தோளுக்கு எந்தக் கடைச் சட்டையும் இதுவரை ஒத்துவந்ததில்லை. பூதங்களுக்கும் தோள் கோணல்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இரண்டு கொம்பு வைத்த தலையை மாட்டியதும் உலகம் இரண்டு சின்ன ஓட்டைகளாகச் சுருங்கியது.

சனிக்கிழமை, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிற நாளில், கடையைச் சாத்திவிட்டு இப்படிக் கொம்பு முளைத்து நிற்பதற்குக் காரணம் இருந்தது.

வருஷத்தில் இந்த ஒரு சனிக்கிழமை அவர் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போவாள். கிளம்பும்போது, "நீங்களும் வரீங்களா?" என்று கேட்பாள். அவர் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே, "கடை?" என்பார். அதோடு பேச்சு முடியும். இன்றும் அப்படித்தான் முடிந்தது. அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் அந்த அக்காவே ஃபோன் செய்து, தங்கச்சி எப்படி இருக்கிறாள், கண்ணில் பார்த்து எத்தனை நாளாச்சு என்று விசாரித்தாள்.

பாதிக்காரர் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, கடைக்குப் பின்னால் மனைவி தைக்கும் அறைக்குப் போனார். தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடந்தது ஒரு மஞ்சள் துணிப் பட்டை. மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற அனுமதிப் பட்டை. 'ஒன்பதாம் கோட்டை டி.வி. தொடர், ரசிகர் மாநாடு' என்று அச்சடித்து, இன்றைய தேதியும் போட்டிருந்தது.

அவள் ஒன்றைக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். அப்படியானால் இது யாருக்கு?

அந்த ஒரு கேள்விதான் அவரைக் கடையைச் சாத்த வைத்தது. அந்த யாரோ ஒருத்தனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். தன்னை அவள் பார்க்கக் கூடாது. பட்டையைக் கட்டிக்கொண்டு அவரே மாநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்; எல்லோரும் தொடரின் பாத்திரங்களாக வேஷம் கட்டி வருகிற இடத்தில் ஒளிந்துகொள்வது சுலபம்.

வாசலில் ஆயுதச் சோதனை. எல்லாம் அட்டைக் கத்தி, ஸ்பாஞ்சுக் கோடரி. ஆனாலும் ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்துச் சீட்டுக் கட்டி அனுப்பினார்கள். உடுப்போடு வந்த பூதத்தின் ஈட்டியை, முதுகில் வில் கட்டிய ஒரு பெண் வளைத்துப் பார்த்தபடி, "முதல் தடவையா அங்கிள்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, இதுல வெளியே போற வழி எந்தப் பக்கம்னு..."

வில்லுக்காரி உதட்டில் விரல் வைத்தாள். "பூதம் பேசாது அங்கிள். தொடர் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. நீங்க பேசிட்டீங்கன்னா உள்ள அழுதுடுவாங்க."

காலையில் கடை திறந்ததிலிருந்து பூட்டுகிற வரைக்கும் வாய் மூடாத மனிதரிடம் அவள் இதைச் சொன்னாள்.

உள்ளே கூட்டம். நெருப்புக் கக்கும் பல்லிகள், இறக்கை வைத்த தாத்தாக்கள், நீல முகத்தோடு தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை. பாதிக்காரர் முகங்களைப் பார்க்கவில்லை. தொழில் புத்தி, கண் துணிக்குத்தான் போனது. ஆரஞ்சு வலைத் துணியில் ஒரு பறவை நடந்து போயிற்று. அவருக்குத் திக்கென்றது. அந்த ஆரஞ்சு அவர் ஏமாந்து வாங்கிய சரக்கு. யாரும் சீண்டாமல் பரணில் கிடந்து, பிறகு ஏதோ நாடகக் குழு வாங்கிக்கொண்டதாக மனைவி சொன்னாள். அதோ அந்தப் படைத் தளபதியின் மேலங்கி, ஜன்னல் திரைக்கென்று எடுத்து நிறம் தப்பிப்போன கத்தரிப்பூ சாட்டின். பல்லியின் வயிறு, அவருடைய மெத்தை உறை. தலைமுழுகிவிட்டதாக நினைத்திருந்த மோசமான கொள்முதல்கள் எல்லாம் கால் முளைத்து, ஒய்யாரமாக, அவரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தன. அழகாகவும் இருந்தன. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் ராணியைப் பார்த்தார்.

வெள்ளிக் கிரீடம், கரும்பச்சை வெல்வெட்டில் தரையைக் கூட்டும் நீள அங்கி. யாரோ ஒரு சிறுமியின் கிழிந்த இறக்கையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். முகத்தை வைத்து அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இரண்டு ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு மூன்றாவதில் தைக்கிற பழக்கத்தை வைத்துத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற உதடு.

பாதிக்காரர் திரும்பி ஓடப் பார்த்தார். பூதத்துக்கு ஓட்டம் வராது. பாதம் இரண்டும் தலையணை கனம். இரண்டு எட்டு வைப்பதற்குள் யாரோ கத்தினார்கள்: "டேய், பூதம் வந்தாச்சு!"

அந்தத் தொடரில் ராணி இருக்கிற இடத்தில் பூதம் இருந்தாக வேண்டுமாம். மூன்றடி பின்னால், அவளுடைய அங்கியின் நுனியைத் தன் இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். இதெல்லாம் அவருக்கு யார் சொன்னார்கள்? நாலு பேர் கைகளைப் பிடித்தார்கள், இரண்டு பேர் முதுகைத் தள்ளினார்கள். அவர் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சுண்டுவிரலைக் காட்டினார். அது பூதத்தின் புகழ்பெற்ற சபதமாம்; கூட்டம் கைதட்டியது. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். அது அடுத்த சபதமாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் மனைவியின் அங்கி நுனி அவருடைய இடுப்பில் மாட்டப்பட்டிருந்தது.

எவளிடமிருந்து ஒளிந்துகொள்ளப் பூதமானாரோ, அவளோடேயே கட்டிப் போட்டுவிட்டார்கள்.

ராணி திரும்பிப் பார்த்தாள். ஊசிகளை உதட்டிலிருந்து எடுத்தாள். இடுப்புக் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடைப் பக்கம் நடந்தாள். பூதம் இழுபட்டுப் போயிற்று.

மேடை ஏறும்போது வில்லுக்காரி அவர் கொம்பருகில் வந்து கிசுகிசுத்தாள். "தேங்க்ஸ் அங்கிள். வருஷா வருஷம் ராணியக்கா மட்டும்தான் வருவாங்க. பூதத்தோட இடம் காலியாவே இருக்கும். வேற யாரையும் நிக்க விடமாட்டாங்க. வருவார், வருவார்னுவாங்க."

பாதிக்காரருக்கு உள்ளே சுர்ரென்றது. வருவாராம். ஆகப் பட்டை அந்தப் பூதத்துக்குத்தான். யாரோ ஒருத்தனுக்காக அவள் வருஷா வருஷம் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். இப்போது அவன் வந்து நின்றால்? வரட்டும். அவர் ஈட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வளைந்துவிட்டது, ஸ்பாஞ்சு.

மேடையில் ராணியிடம் உடுப்புத் தைப்பது பற்றிக் கேள்வி கேட்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தைத்துக் கொடுத்தது அவள்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் பேசினாள். எந்தத் துணி எப்படி விழும், எது வெளிச்சத்தைக் குடிக்கும், எது திருப்பிக் கொடுக்கும் என்றெல்லாம் பேசினாள். வீட்டில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. நடுவில் இரண்டு இடத்தில் அவருக்குக் குறுக்கே பேச நாக்கு துருதுருத்தது. பூதத்துக்கு நாக்கு கிடையாது. அதனால் முதல் தடவையாக அவள் ஆரம்பித்த வாக்கியங்களின் முடிவையும் கேட்டார்.

"வீட்டுல தெரியுமாக்கா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு தவளை கேட்டது.

ராணி சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் துணி வியாபாரி. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டே எந்த மில்லுன்னு சொல்லிடுவார். நல்ல மனுஷன். நான் ஏதாவது சொல்ல ஆரம்பிச்சேன்னா, எத்தனை மீட்டர்னு கேட்பார்."

கூட்டம் சிரித்தது. கொம்புக்குள் பாதிக்காரருக்குக் காது சுட்டது. எப்போது கேட்டேன் என்று சண்டைக்குப் போகலாம் என்றால், போன வாரம் கேட்டது ஞாபகம் வந்தது. அவள் ஏதோ ஒரு கனவு கண்டதாகச் சொல்ல வந்தாள்.

"கோபம் இல்லையாக்கா?"

"கோபம்லாம் இல்ல. இதை அவர்கிட்ட சொன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டார். இதுல லாபம் எவ்வளவு நிக்கும்னு கேட்பார். இது ஒண்ணும் நிக்காத விஷயம். அதான் சொல்லாம காட்டணும்னு இருக்கேன்."

பாதிக்காரர் முகமூடிக்குள் மூக்கை உறிஞ்சினார். துடைக்க வழியில்லை.

அடுத்து மேடைக்கு வந்தான் ஒரு கோட்டுக்காரன். வேஷக் கடைகளுக்கு மொத்தமாக உடுப்பு வாங்குகிறவன். ராணியின் அங்கியை விரலால் தேய்த்துப் பார்த்து, ஒரு விலை சொன்னான். பாதிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. வெல்வெட்டுக்கே அந்த விலை வராது, கைவேலை எங்கே போச்சு? ஆனால் பூதம் பேசாது.

அவர் முன்னால் வந்து, அங்கி நுனியைத் தூக்கிக் கோட்டுக்காரனின் கையை அதற்குள் இழுத்து, விரல்களைப் பிடித்தார். மொத்தச் சந்தையில் பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியாமல் விலை பேசுவது இப்படித்தான். துணிக்கடியில், வாய் திறக்காமல், விரல் கணக்கு. கோட்டுக்காரனும் சந்தையில் அடிபட்டவன்தான். முகம் மாறியது. துணிக்கடியில் இரண்டு கையும் மல்லுக்கட்டின. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. வாழ்நாள் முழுக்க விலையைப் பாதிக்கு இறக்கியவர், அன்று இரண்டு மடங்குக்கு ஏற்றினார். அதையும் தாண்டினார். கடைசியில் கோட்டுக்காரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரிங்கம்மா, பூதம் சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்" என்றான்.

"விக்கறதுக்கில்லைங்க" என்றாள் ராணி. "இது ஜோடி உடுப்பு. பிரிக்க மாட்டேன்."

பூதம் தலையில் கை வைத்துக்கொண்டது. அதுதான் மாநாட்டின் மிகப் பெரிய கைதட்டல்.

சாயங்காலம் ராணியே குனிந்து கொக்கியைக் கழற்றிவிட்டாள். "ரொம்ப நேரம் நின்னுட்டீங்க. கால் வலிக்கும்" என்றாள், பொதுவாக யாரிடமும் சொல்வது போல. அவர் தலையாட்டினார். கொம்பு அவள் கிரீடத்தில் இடித்தது.

தாடிக்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். பாதிக்காரர் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்து, வெளிக் காற்றை வாங்கினார். இன்னொரு பூதம் கடைசிவரை வரவே இல்லை. யாரென்றும் தெரியவில்லை. காலையில் அவனை அடிக்க வந்தவருக்கு இப்போது அவனைப் பார்த்து ஒன்று கேட்கத்தான் தோன்றியது. ஒருத்தி வருஷக்கணக்காக இடம் பிடித்து வைக்கிறாள், வருவதற்கு உனக்கு என்னய்யா கேடு?

சரி. அவன் வராவிட்டால் போகிறான். இன்று ராத்திரி அவள் வீட்டுக்கு வந்ததும், அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பது, அவள் என்ன சொன்னாலும் முடிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். அடுத்த வருஷத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

"இதே உடுப்பு அடுத்த வருஷமும் எனக்கு வேணும்" என்றார். "வேற எவனுக்கும் வாடகைக்கு விடாதீங்க. காலையில நீங்க சொன்ன முழு விலையும் தரேன்."

சொன்ன பிறகு அவருக்கே வியப்பாக இருந்தது. அந்த வாய்க்கு முழு விலை என்ற சொல் புதிது.

தாடிக்காரர் பூதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"வாடகை உடுப்பு இல்ல சார் இது. இடது தோள் இறங்கின ஒருத்தர் வந்து பாதி விலைக்குக் கேட்பார், அவருக்கு மட்டும் குடுங்கன்னு ராணியம்மா தைச்சுக் குடுத்தாங்க. மூணு வருஷமா கொண்டுவந்து மாட்டி வெச்சிருக்கேன், இந்த வருஷம்தான் வந்திருக்கீங்க."