கூரையில்லாக் குளியலறையும் கப்பல்கார மாமாவும்

வீடு கட்டுகிற எவருக்கும் ஏதாவது ஓர் அறையில் மூளை கழன்றுபோகும். சிலருக்கு வரவேற்பறையில், சிலருக்குச் சாமியறையில். எனக்குக் குளியலறையில் கழன்றது. அதுவும் எனக்கென்று கட்டிய குளியலறை இல்லை, என் மாமனாருக்கென்று கட்டியது. இதை நான் மறைத்துப் பயனில்லை. எங்கள் ஒழுங்கையில் இருபது வீட்டுக்காரருக்கும் கதை தெரியும். நானே சொன்னால் கொஞ்சமாவது எனக்குச் சாதகமாகச் சொல்லலாம்.

மாமா வல்வெட்டித்துறைக்காரர். முப்பத்தெட்டு வருடம் கப்பலில் வேலை செய்தவர். மாமி போன பிறகு தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் கிணற்றடியில் குளிக்கும்போது வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கோப்பாயில் எங்களோடு வந்து இருக்கும்படி நாங்கள் மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும் மாட்டேன் என்றார். நான்காவது முறை என் கணவர் கண் கலங்கிவிட, இறங்கி வந்தார்.

"ஒரு மாதம் வந்து இருந்து பாக்கிறன். சரிவராட்டித் திரும்பிப் போயிடுவன். பிறகு ஒருத்தரும் என்னைக் கேக்கக் கூடாது."

எங்கள் பழைய குளியலறை வீட்டின் பின்பக்கம், இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். அது அவருக்குச் சரிவராது. அவருடைய அறையோடு சேர்த்துப் புதிதாக ஒன்று கட்டுவதென்று முடிவானது.

"வழுக்காத நிலம், ஒரு கைபிடி, ஒரு நல்ல சவர். அவ்வளவும் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்," என்றார் இவர், என் கணவர்.

"நீங்கள் விடுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

நான் சித்திரப் பாட ஆசிரியை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் ஆசிரியர் ஒன்றுகூடலுக்காகக் கடற்கரையோரம் ஒரு விடுதிக்குப் போயிருந்தோம். அங்கே கை கழுவப் போன இடத்தில் என் புத்தியைப் பறிகொடுத்தேன். பழைய காலத்து முறையில் ஒரு குளியலறை. கூரை இல்லை, மேலே நீல வானம். சிவப்புச் சீமெந்து நிலம் கண்ணாடி மாதிரி மின்னியது. பித்தளைக் குழாய், மண்பானைகள், மூலையில் ஒரு செவ்விளநீர்க் கன்று. கால் மணித்தியாலம் நான் வெளியே வரவில்லை. (வெளியே இரண்டு ரீச்சர்மார் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ரசனை குறைவு.)

வீட்டுக்கு வந்து வரைபடம் போட்டேன். வர்ணம் தீட்டி, நிழல் விழுத்தி, சுவரில் ஒரு குருவியும் வைத்தேன். அதைக் குருநகரிலிருந்து வந்த மேசன் சூசை அண்ணையிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் அதை ஒருமுறை நேராகப் பார்த்தார். பிறகு தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

"ரீச்சர், கூரை எங்கை?"

"கூரை இல்லை அண்ணை. வானம்தான்."

"அப்ப மழை வந்தா?"

"மழையும் உள்ளுக்கு வரும். அதுதானே வடிவு."

"பிறகேன் ரீச்சர் சவருக்குப் பைப் இழுக்கச் சொல்லுறியள்?"

அவர் வேலைக்கு வந்த காலம் முழுவதும் கேட்ட கேள்விகளிலேயே நியாயமானது அதுதான். "கலையுள்ளம் இல்லாத மனிசன்" என்று மனதுக்குள் எழுதிவைத்தேன்.

அடுத்தது சாமான் தெரிவு. நெல்லியடியில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனேன். முதலாளி வெள்ளி நிறத்தில் பளபளவென்று பத்துப் பன்னிரண்டு பைப்புகளை எடுத்து அடுக்கினார். எல்லாவற்றையும் ஒதுக்கினேன்.

"பழைய காலத்து மாதிரி வேணும்."

"பழசோ? பழசெண்டா அது ஒழுகும் ரீச்சர்."

"ஒழுகாத பழசு வேணும்."

அவர் ஏணி வைத்து ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே சிங்க முகத்தோடு ஒரு பித்தளைக் குழாய். சிங்கத்தின் வாயால் தண்ணீர் விழும். ஆறு வருடமாக ஒருவரும் வாங்கவில்லை என்றார். எனக்காகவே காத்திருந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஆறு வருடமும் வந்துபோனவர்களெல்லாம் ஏன் அதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று யோசிக்கவில்லை.

தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கு, பூ வேலைப்பாடு செய்த பித்தளை மூடி. ஒவ்வொரு துளையும் கடுகு போகிற அளவு. கதவுக்கு, பழைய வீடொன்றை இடித்த இடத்திலிருந்து வந்த மரக்கதவு. தண்ணீரைப் பூட்டுகிற வால்வு வெளியே தெரிந்தால் அழகு கெடும் என்று அதையும் சுவருக்குள் வைத்துப் பூசச் சொன்னேன். சூசை அண்ணை சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உண்மையாத்தானோ?" என்று இரண்டு முறை கேட்டார். துவாய் போடுகிற கொளுக்கி வேண்டாம், அந்தக் காலத்தில் ஏது கொளுக்கி? கைபிடியும் வேண்டாம், பார்த்தால் ஆசுப்பத்திரி மாதிரி இருக்கும். மலசலகூடக் கொமட் விடயத்தில்தான் கொஞ்சம் தடுமாறினேன். நம்முடைய மரபில் அப்படி ஒரு சாமானே கிடையாது. கடைசியில் அதை ஓர் அரைச்சுவருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மாமா ஒரு பயணப் பையோடு வந்து சேர்ந்தார். ஒரு மாதத்துக்கு மட்டும் உடுப்பு கொண்டுவந்திருக்கிறார் என்பது பையைப் பார்த்தாலே தெரிந்தது. குளியலறை வாசலில் நின்று, மேலும் கீழும் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு," என்றார். பிறகு, "பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

"சிங்கத்தைப் பிடியுங்கோ மாமா."

மூன்று நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. மாமா சிங்கத்தின் தலையை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் குளித்துவிட்டு வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு பேர் பார்க்க வருவதாகவும் இருந்தார்கள்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை மழை. சனிக்கிழமை காலை வெயில் எறித்தது. மாமா குளிக்கப் போனார். கொளுக்கி இல்லாததால் துவாயையும் மாற்றி உடுக்கிற சாரத்தையும் கதவின் மேல் விளிம்பில் போட்டார். நனைந்து ஊறியிருந்த கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினார். அந்த அதிர்வில் துவாயும் சாரமும் வெளிப்பக்கம் விழுந்தன. உள்ளே மாமாவும் சவர்க்காரமும்தான்.

அதே நேரம், பக்கத்து வளவில் தேங்காய் பிடுங்க மார்க்கண்டு அண்ணை வந்திருந்தார். அந்த வளவின் எல்லையில் ஒரு தென்னை எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கும். விடுதியில் பார்த்த வானத்தைவிட என் வானம் திறம் என்று நான் நினைத்ததே அதன் ஓலைகள் எட்டிப் பார்த்ததால்தான். மார்க்கண்டு அண்ணை கடைசியாக ஏறியபோது கீழே குளியலறை இல்லை, எங்கள் வாழைப் பாத்திதான் இருந்தது. தேங்காயை வழக்கமாக அதற்குள்தான் போடுவார். அன்றும் காம்பை அறுத்துவிட்டுத்தான் கீழே பார்த்தார்.

"ஐயோ, ஐயா! ஒதுங்குங்கோ!"

முகம் முழுக்கச் சவர்க்காரத்தோடு நின்ற மாமா, வானத்திலிருந்து குரல் கேட்டதும் ஒரு கேள்வியும் கேட்காமல் மூலைக்கு ஒதுங்கினார். (கப்பல் பழக்கம். கட்டளை வந்தால் முதலில் கீழ்ப்படிவது, பிறகு விசாரிப்பது.) தேங்காய் நேராக வந்து சிங்கத்தின் தலையில் விழுந்தது. சிங்கத்தின் தலை கழன்று போனது. சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டது.

சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தள்ளுவதாவது, அது உட்பக்கமிருந்து இழுக்கிற கதவும் இல்லை, வெளிப்பக்கமிருந்து தள்ளுகிற கதவும் இல்லை. ஊறிப்போய் நிலையோடு ஒன்றாகி, சுவராகிவிட்டிருந்தது.

"மாமா! என்ன மாமா?"

உள்ளேயிருந்து மிக நிதானமான குரல் வந்தது. "பிள்ளை, கதவு திறபடேல்லை. அவசரமில்லை. ஆனா தண்ணி ஏறுது."

ஏறத்தான் செய்தது. மழையோடு வந்து விழுந்த வேப்பிலை, பூ வேலைப்பாட்டு மூடியை அடைத்துவிட்டது. வால்வு சீமெந்துக்குள் இருந்தது. வீட்டுக்கு மேலே தண்ணீர்த் தாங்கி நிறைந்திருந்தது.

"இஞ்சாருங்கோ! கெதியா வாங்கோ!" என்று இவரைக் கூப்பிட்டேன். இவர் வருவதற்குள் மார்க்கண்டு அண்ணை மரத்தின் மேலிருந்தபடியே எனக்கு உதவி செய்யத் தொடங்கிவிட்டார்.

"ரீச்சர்! ஐயாவுக்கு முழங்கால் மட்டும் தண்ணி வந்திட்டுது!"

(கணுக்கால் அளவுதான். மேலிருந்து பார்த்தால் அப்படித் தெரிந்திருக்கும்.)

"அண்ணை, சத்தம் போடாதேங்கோ!"

"பயப்பிடாதேங்கோ! ஐயா சோக்கா நிக்கிறார்! சவர்க்காரப் பெட்டிதான் மிதந்து திரியுது!"

வேலிக்கு மேலே ஒவ்வொன்றாகத் தலைகள் முளைத்தன. என் வகுப்பில் சித்திரம் படிக்கிற பிள்ளையின் தாயும் நின்றார். உள்ளே மாமா மேலே பார்த்துக் கதைப்பது கேட்டது.

"தம்பி, உம்மட்டை ஒரு துவாய் இருக்கோ?"

"தலையிலை கட்டினது இருக்கு ஐயா. கொஞ்சம் வேர்வை."

"பரவாயில்லை, போடும்."

துவாய் ஒரு பட்டத்தைப் போல அசைந்து அசைந்து இறங்கியது. அதை நானும் பார்த்தேன், வேலியோரம் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

இவர் அலவாங்கோடு வந்து சேர்ந்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அதைச் செருகும்போது நான், "கதவு பத்திரம்!" என்று கத்தினேனாம். நான் சொல்லவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன். இரண்டாவது நெம்பில் கதவு பலகை பலகையாகப் பிளந்தது. தண்ணீர் எங்கள் இருவரின் காலையும் அடித்துக்கொண்டு வெளியேறியது. அதற்குப் பின்னால், இடுப்பில் மார்க்கண்டு அண்ணையின் துவாயும் ஒரு கையில் சிங்கத் தலையுமாக மாமா நடந்து வந்தார். நடையில் ஒரு பதற்றமும் இல்லை.

"இந்தா பிள்ளை, உன்ரை சிங்கம்," என்று என்னிடம் தந்தார். பிறகு இவரைப் பார்த்து, "முப்பத்தெட்டு வருசம் கடலிலை திரிஞ்சனான். ஒரு நாளும் உப்பிடித் தண்ணி ஏறேல்லை," என்றார்.

நேரே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பயணப் பையின் சிப் இழுபடும் சத்தம் கேட்டது.

நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். தேத்தண்ணிக்குச் சீனி போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை; கண்ணீர் போட்டேன். வழுக்கி விழுந்த மனிதரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, பிடித்து நிற்க ஒரு கம்பிகூட வைக்காமல் விட்டிருக்கிறேன். ஒரு படத்துக்காக. இவர் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா வெளியே வந்தபோது கையில் பை இல்லை. மூக்குக்கண்ணாடியும் ஒரு பென்சிலும் இருந்தன.

"உன்ரை படம் எங்கை?"

எடுத்துக் கொடுத்தேன். மேசையில் விரித்து, மணிக்கட்டு இன்னும் சரியாக வளையாத இடது கையால் கடதாசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வரைந்தார். கூரை, மூன்று இடத்தில் கைபிடி, நான்கு கொளுக்கி, கைக்கு எட்டும் உயரத்தில் வால்வு. பெரிய ஓட்டைகளோடு ஒரு மூடி. கடைசியாக, நடுவில் இரண்டு கோடு கிழித்து, தலைக்கு ஒரு வட்டம் போட்டு, கையில் வாளியோடு ஒரு மனிதனை நிறுத்தினார்.

"எல்லாம் வடிவாக் கீறியிருக்கிறாய். குளிக்கிற ஆளைத்தான் விட்டிட்டாய்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். குருவி இருந்தது. ஆள் இல்லை.

"மாமா, அப்ப நீங்கள் போகேல்லையோ?"

"நான் போனா நீ அடுத்தது குசினியைப் பிடிப்பாய். என்ரை பொடியன் பாவம்."

எட்டு வருடமாகிறது. சூசை அண்ணை மறுபடி வந்து கூரை போட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வேலை முடியும்வரை சீட்டி மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். மார்க்கண்டு அண்ணை இப்போதும் அந்தத் தென்னையில் ஏறுமுன் எங்கள் படலையில் வந்து நின்று, "உள்ளுக்கு ஆரும் குளிக்கினமோ?" என்று ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி விசாரிப்பார். கூரை இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மாமா குளித்துக்கொண்டிருந்தால் உள்ளேயிருந்து, "ஓம், நான்தான். நீர் ஏறும்!" என்று பதில் வரும்.

அந்த ஒரு மாதம் எப்போது முடிந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. மாமாவுக்கு இப்போது எண்பத்து நான்கு.

போன மாதம் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது ஒரு கடையில் சின்னப் பித்தளைச் சோடனைத் தட்டொன்று கண்ணில் பட்டது. சவர்க்காரம் வைக்கலாம் என்று வாங்கி வந்து, மேசையில் வைத்தேன். "வடிவா இருக்கெல்லோ? பாத்றூமுக்கு," என்றேன்.

மாமாவும் இவரும் மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.