வேர்க்காரர் விரித்த கடதாசி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் குழம்பத் தொடங்கியது. அப்போதுதான் வேர்க்காரர் ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் உள்ள எங்கள் வீட்டு மணியை அடித்தார்.

உலகில் பிறந்த எல்லோருடைய பூட்டன் பெயரையும் அறியாமல் கண்மூடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டவர் அவர். மேல்மாடியில் குடியிருக்கும் அமெரிக்கர், மோர்மன் என்னும் கிறிஸ்தவ சபைக்காரர். வேர்க்காரர் என்பது, பரம்பரையின் வேரைத் தேடித் திரிவதால் நாங்கள் வைத்த பெயர். தபால்காரர் தன் மூன்று தலைமுறையை ஒப்பித்த பிறகுதான் பார்சலுக்குக் கையெழுத்துக் கிடைக்கும். தேத்தண்ணியும் கோப்பியும் அவர் சபையில் விலக்கு. தேத்தண்ணி குடிக்காத விருந்தாளியை என்ன செய்வதென்று தெரியாமல் என் மனைவி பால் காய்ச்சிக் கொடுப்பாள்.

அவருடைய மகன் டானியலைத்தான் என் மகள் நிலா கட்ட விரும்பினாள். மாப்பிள்ளை பகுதியை விசாரிக்காமல் சம்மதம் சொல்வது எங்கள் வழக்கமில்லை. அவர்களுடைய ஆட்கள் யார் என்று கேட்டனுப்பினேன். எங்கள் சனம் இந்தக் கேள்விக்கு நல்லதை மட்டும் சொல்லும். வேர்க்காரர் சுருட்டிய கடதாசியோடு வந்தார். சோபாவில் விரிக்கத் தொடங்கியது, மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்த குசினி வாசல்வரை போனது.

டோர்ட்முண்டிலிருந்து வந்திருந்த என் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"தம்பி, இந்த ஆளுக்குப் பக்கத்திலை ஏன் நாலு பெட்டி?"

நிலா ஜெர்மனில் கேட்டாள். வேர்க்காரர் ஒளிக்கவில்லை. அது அவருடைய பூட்டன், சபையின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவர். நான்கு மனைவியர். கடவுளின் கட்டளை என்று நம்பிக் கட்டினாராம். சபை அதை எப்போதோ விட்டுவிட்டது. இன்று யாராவது செய்தால் வெளியே போட்டுவிடும்.

"பிள்ளை, உனக்குப் பிறகு இன்னும் மூண்டு பேருக்கு இடம் கிடக்குதோ எண்டு கேள்" என்றார் அக்கா.

நிலா அதை மொழிபெயர்க்கவில்லை. வேர்க்காரர் அக்காவின் முகத்திலேயே விளங்கிக்கொண்டார். தன் அண்ணன் அந்தப் பூட்டனின் படத்தை வரவேற்பறையில் பெருமையாக மாட்டியிருக்கிறார், தங்கை அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை என்றார். அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். மூன்றாவது பெட்டியில் விரலை வைத்தார். பனிக்காலம் முழுக்கத் தனியே சாப்பிடுவதாகத் தாய்க்குக் கடிதம் எழுதிய மூன்றாவது மனைவி, அவருடைய பூட்டி. அவர் சொன்னதை நிலா மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"பூட்டன் செய்தது சரியெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் இவவை வெட்டினால் நானும் இந்தக் கடதாசியிலை இல்லை."

கலியாணத்தைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எங்களிடையே அதற்கு மாட்டேன் என்று அர்த்தம். நிலா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கடதாசியின் மறுகரையில் வேர்க்காரர் எங்கள் குடும்பத்துக்கும் பென்சிலால் பெட்டிகள் கீறியிருந்தார். என் அப்பப்பாவுக்குப் பக்கத்தில் அப்பாச்சிக்கு ஒரேயொரு பெட்டி. சரிதானா என்று கையால் கேட்டார். தலையாட்டினேன். அப்பப்பாவுக்கு ஊரில், சாவகச்சேரியில், இன்னொரு குடும்பம் இருந்தது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். அவர் செத்த அன்று அந்தக் குடும்பத்து மனுசி வந்து, படலை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதும் தெரியும். அக்கா என்னைப் பார்க்கவில்லை. குடிக்காத பாலில் ஆடை படர, வேர்க்காரர் படியேறினார்.

ஆறு நாள் நிலா என்னோடு பேசவில்லை. மாடிப்படியில் அவரும் யாருடைய பூட்டனையும் விசாரிக்கவில்லை. தபால்காரர்கூட அவருக்குச் சுகமில்லையா என்று என்னிடம் கேட்டார்.

சனிக்கிழமை அக்கா சொல்லாமல் வந்து நின்றார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பாலைக் காய்ச்சச் சொல்லு. மேல்வீட்டு மனுசனைப் பென்சிலோடை கூப்பிடு. அப்பப்பாவுக்குப் பக்கத்திலை இன்னொரு பெட்டி கீறவேணும். அவவின்ரை பேர் நாகம்மா."